கத்திரிக்காய்க்கு ஒரு கருத்துக் கேட்பு

கத்திரிக்காயை நறுக்கும்போது சின்னதாக ஒரு பதற்றம் இருக்கும். பளபளவென்று ஊதா நிறம், பச்சை மாறாத காம்பு, நம்பித்தான் வாங்கி வந்திருப்போம். அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்தால் உள்ளே கறுப்பாக ஒரு பாதை வளைந்து போகும். அதன் கோடியில் வெளிர்சிவப்பில் ஒரு புழு. அது உள்ளே நுழைந்த வழி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, சில நாளில் மூடியும்விடும். வெளியேறும்போதுதான் ஊரறிய ஓட்டை போடும். சொத்தையை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தை உப்புத் தண்ணீரில் போடுவோம். நமக்கு நஷ்டம் அரைக் காய்.

விளைவிப்பவருக்கு அப்படியல்ல. புழு காய்க்குள் போய்விட்டால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. போவதற்கு முன்பே அடிக்க வேண்டும். எப்போது போகும் என்று தெரியாததால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை மருந்தடிக்கும் இடங்கள் உண்டு. நேற்று அடித்து இன்று பறித்துச் சந்தைக்கு அனுப்புவதும் நடக்கிறது. ஓட்டை விழுந்த காயை நாம் தொடமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் புழுவை ஒழிக்கிறேன் என்று வந்ததுதான் பி.டி. கத்திரிக்காய். மண்ணில் இருக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துக் கத்திரிச் செடிக்குள் வைத்தால், செடியே அந்தப் புழுவுக்கு நஞ்சான ஒரு புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும். பருத்தியில் இதே உத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்துவிட்டது. கத்திரிக்காயில் இதைச் செய்தது மஹிகோ என்ற விதை நிறுவனம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் கூட்டாளிகள். கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்று நம் ஊர் ரகங்களுக்குள்ளும் அந்த மரபணு போனது.

2009 அக்டோபர் 14ஆம் தேதி, மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதை வணிக முறையில் பயிரிடலாம் என்று சொன்னது. 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த வல்லுநர் குழு அது. வழக்கமாக அதோடு கதை முடிந்திருக்கும். சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் மறுநாளே குழுவின் அறிக்கையைப் பொதுவில் வைத்து, டிசம்பர் கடைசி வரை யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்றார். அப்புறம் நேரில் கேட்கப் போகிறேன் என்று கிளம்பினார். 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு என்று ஏழு ஊர்கள். எல்லாக் கூட்டங்களிலும் சேர்த்துச் சுமார் எட்டாயிரம் பேர். பிப்ரவரி 9ஆம் தேதி முடிவைச் சொன்னார்: இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு காய்கறிக்காக மத்திய அமைச்சர் ஒருவர் ஊர் ஊராகப் போய் மணிக்கணக்கில் திட்டு வாங்கியதை நாம் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் அதிகம் பார்க்கவில்லை. கூட்டாக ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிபுணரை எப்படிக் கேட்பது, பொதுமக்களை எப்படிக் கேட்பது என்று யோசிக்க இந்தக் கத்திரிக்காயைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதில் சரியாக நடந்ததும் நிறைய, கோட்டைவிட்டதும் நிறைய.

முதலில், அந்தக் கூட்டங்களில் ஜனங்கள் என்ன கேட்டார்கள் என்று பார்க்கலாம். விதையை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்குப் போடலாமா, இல்லை ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட வேண்டுமா? பக்கத்து வயல்காரர் போட்டால் என் செடிக்கு மகரந்தம் வருமா? கடையில் கூறு கட்டி வைத்திருக்கும்போது எது பி.டி., எது நாட்டுக்காய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கத்திரிக் குடும்பத்துச் செடிகளை மருந்துக்குப் பயன்படுத்தும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு வேறு கவலை. பருத்தி மாநிலங்களில் பி.டி. பருத்தி போட்டவர்கள் பாதிப் பேர் அதைப் புகழ்ந்தார்கள், பாதிப் பேர் சபித்தார்கள்.

இவற்றில் எத்தனை கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை இருக்கிறது? மகரந்தக் கேள்விக்கு இருக்கிறது. விதைக் கேள்விக்கு இல்லை. அது ஒப்பந்தம், விலை, உரிமை சம்பந்தப்பட்டது. உண்மையில் அதற்கு நல்ல பதில் ஒன்றும் இருந்தது: நிறுவனம் வீரிய ஒட்டு ரகங்களை விற்கும், பல்கலைக்கழகங்கள் தரும் ரகங்களில் விவசாயி விதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் கூட்டத்தின் கூச்சலில் இந்த வித்தியாசம் காணாமல் போனது. அடையாளம் காண்பது பற்றிய கேள்விக்கு எந்த விஞ்ஞானியாலும் பதில் சொல்ல முடியாது. கூறு கட்டி விற்கிற சந்தையில் லேபிள் ஒட்டுவது எப்படி என்பது நிர்வாகத்தின் தலைவலி.

வல்லுநர் குழு பார்த்தது ஒரே ஒரு கேள்வியை: இது பாதுகாப்பானதா? எலிக்கும் ஆட்டுக்கும் கொடுத்துப் பார்த்த சோதனைகள், மண் சோதனை, மகரந்தம் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு. அதற்கான விடையை வைத்துக்கொண்டு, பயிரிடலாமா என்ற முழுக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லிவிட்டது. இங்கேதான் முதல் சிக்கல். பாதுகாப்பானது என்றே வைத்துக்கொள்வோம். வேண்டுமா வேண்டாமா என்பது தனி விஷயம். அந்த இடத்தில் நச்சியல் நிபுணரின் ஓட்டுக்கும் கத்திரி பயிரிடும் பெண்ணின் ஓட்டுக்கும் ஒரே எடைதான்.

மக்கள் பக்கமும் இதே குழப்பம் தலைகீழாக நடந்தது. கூட்டத்தில் முன்வைக்கப்பட்ட கேள்வி ஆம் அல்லது இல்லை என்ற அளவில் நின்றது. அதனால் விதை உரிமை பற்றிப் பயந்தவர்கூட, கேட்கிறவர் காதில் ஏறும் என்று நினைத்து, உடம்புக்குக் கேடு என்று பேச வேண்டியிருந்தது. ஒரு தரப்புக்கு நிறுவனம் பிடிக்கவில்லை, ஆனால் பழி புரதத்தின் மேல் விழுந்தது. இன்னொரு தரப்புக்குத் தொழில்நுட்பத்தின் மேல் மோகம், ஆனால் விவசாயி மேல் அக்கறை என்று பேசினார்கள். யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று பிரித்துக் கேட்காததன் விலை இது.

நிபுணரிடம் கேட்பதிலும் ஒரு பழைய நோய் உண்டு. அந்தச் சோதனைகளின் தரவுகள் விண்ணப்பித்த நிறுவனமே முன்னின்று திரட்டியவை. அது உலகெங்கும் உள்ள வழக்கம்தான், மருந்துக் கம்பெனிகளும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்தத் தரவு பொதுவில் வந்தது தானாக அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008இல்தான் வெளியானது. வெளியானதும் என்ன ஆனது? வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலர் படித்துப் பார்த்துவிட்டுச் சோதனைகளின் கால அளவு போதாது என்றார்கள். ஒப்புதல் குழுவுக்கு உச்ச நீதிமன்றம் அனுப்பிய பார்வையாளரான உயிரியலாளர் புஷ்பா பார்கவா குழுவின் முடிவை வெளிப்படையாக எதிர்த்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் மரபணு மாற்றத்துக்கு எதிரி அல்ல. அவரும் நீண்டகால விளைவுகளைத் தனியாகச் சோதியுங்கள், நாட்டுக் கத்திரி ரகங்களை முதலில் சேகரித்துப் பாதுகாத்து வையுங்கள் என்றார். ஆக, விஞ்ஞானிகள் ஒரு பக்கம், பாமரர் மறு பக்கம் என்று பத்திரிகைகள் வரைந்த படம் தப்பு. விஞ்ஞானிகளுக்குள்ளேயே கோடு ஓடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவர், கருத்து மட்டும் உள்ளவர் என்று நிபுணரையும் மக்களையும் பிரிக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அது எவ்வளவு ஓட்டை என்பதை நான் ஒரு கல்யாண மண்டபத்தில் தெரிந்துகொண்டேன்.

வட மாவட்டம் ஒன்றில் கல்குவாரி விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். மணவறை மேடையில் அதிகாரிகளின் மேஜை, வெள்ளைத் துணி, தண்ணீர் பாட்டில்கள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் ஒரே மாதிரி சட்டை போட்ட முப்பது பேர் காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலைவாய்ப்பு வரும், ஆதரிக்கிறோம் என்று ஒருவர் பின் ஒருவராகத் தாளைப் பார்த்துப் படித்தார்கள். மதியம் நெருங்கும்போது ஒரு அம்மாவுக்கு மைக் கிடைத்தது. அறுபது வயது இருக்கும். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் தாடையில் ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஐயா, எங்க ஊரு கெணத்துத் தண்ணிய எந்த மாசம் அளந்தீங்க?"

ஆலோசனை நிறுவனத்து இளைஞர் எழுந்து அறிக்கையைப் புரட்டினார். "ஜனவரியில எடுத்திருக்கோம்மா. நீர்மட்டம் நல்லாவே இருக்கு."

"தை மாசத்துல எடுத்தா தண்ணி இருக்கத்தானே செய்யும் தம்பி. அப்பத்தான் மழை பேஞ்சு முடிஞ்சிருக்கு. ஆடி மாசம் வந்து எட்டிப் பாருங்க. வாளி தரையில தட்டும்."

இளைஞர் மீண்டும் புரட்டினார். மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தில் தரவு எடுத்தால் போதும் என்பது வழக்கம். நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் தென்மேற்குப் பருவமழை, அதனால் ஜனவரி என்பது மழையில்லாத காலக் கணக்கில் வந்துவிடும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கார்த்திகை, மார்கழி வரை பெய்து கிணறு நிரம்பி நிற்பதே அப்போதுதான். விதிப்படி எல்லாம் சரி, அளவு மட்டும் தப்பு. அந்த அம்மா சொன்னது உணர்ச்சி அல்ல, நீரியல். அறிக்கை எழுதியவர்களுக்கு எட்டாத தகவல், கிணற்றில் தினமும் வாளி விட்டவருக்குத் தெரிந்திருந்தது.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பை அப்புறம் வாங்கிப் பார்த்தேன். அந்த அம்மாவின் பேச்சு இப்படிப் பதிவாகியிருந்தது: நிலத்தடி நீர் பாதிக்கப்படலாம் என ஐயம் தெரிவித்தார். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் எனத் திட்டத் தரப்பில் பதிலளிக்கப்பட்டது. தை, ஆடி, வாளி எதுவுமே இல்லை. ஆதரிக்கிறோம் என்று படித்த முப்பது பேரின் வாசகம் மட்டும் வரிக்கு வரி அப்படியே இருந்தது.

இந்தக் கூட்டங்களுக்கென்று விதி இல்லாமல் இல்லை. 1997இல் பொது விசாரணையைக் கட்டாயமாக்கினார்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதை விரிவாக எழுதிவைத்திருக்கிறது: முப்பது நாள் முன்னறிவிப்பு, இரண்டு நாளிதழில் விளம்பரம், மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் நியமிக்கும் அதிகாரி தலைமை, முழுக்க வீடியோ பதிவு. நல்ல விதிகள்தான். அதே அறிவிக்கையில், கூட்டத்தைத் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது என்றும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள மதிப்பீட்டு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், சுருக்கம் மட்டும் தமிழில். கிணற்று நீர் எந்த மாதம் அளக்கப்பட்டது என்பது பெரும்பாலும் சுருக்கத்தில் இருக்காது. 2020இல் இந்த அறிவிக்கையையே மாற்ற ஒரு வரைவு வந்தபோதும் அதே கதை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டுவிட்டு நாடு முழுக்கக் கருத்துக் கேட்டார்கள். அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எல்லாம் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபின், கதிர்வீச்சு மேகம் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப் பகுதியில் மழையாக இறங்கியது. ஜூன் மாதம் அங்கே ஆட்டு விற்பனைக்கு அரசு தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். அவர்கள் கணக்குக்கு அடிப்படை களிமண் நிலம். மழையோடு இறங்கிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்ப்ரியாவின் மலையில் இருப்பதோ அமிலத்தன்மையுள்ள கரிமண். அங்கே சீசியம் மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டிலிருந்து மறுபடி மண்ணுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டி போட்டு அடைத்துச் சோதனை செய்வோம் என்றபோது, மலையில் திரிந்து மேயும் ஆடு அடைத்து வைத்தால் இளைத்துப்போகும் என்று கீதாரிகள் சொன்னார்கள். (நம்மூர்ச் சொல்லில் கீதாரி என்கிறேன், அவர்களும் மந்தைக்காரர்கள்தானே.) கேட்பார் இல்லை. பின்னால் அந்தச் சோதனையைக் கைவிட நேர்ந்தது. மூன்று வாரத் தடையின் கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012இல்.

ஆக, கேட்கும் முறையை மாற்றினால் ஏதாவது நடக்குமா? ஒரு முயற்சி நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2001இல் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் பிரஜா தீர்ப்பு என்று ஒன்றை வைத்தார்கள். அப்போது சந்திரபாபு நாயுடு அரசின் தொலைநோக்கு 2020 திட்டம், விவசாயத்தை நம்பியிருப்பவர்களின் பங்கை 70 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைப்போம் என்றது. சரி, அந்த மீதி முப்பது சதவீதத்தில் வரப்போகிறவர்களையே கேட்போம் என்று இருபது பேர் அளவில் ஒரு நடுவர் குழு அமைத்தார்கள். பெரும்பாலும் சிறு, குறு விவசாயிகள். அவர்களில் அதிகம் பெண்கள். மூன்று விதமான எதிர்காலங்களைப் படமாக எடுத்துப் போட்டுக் காட்டினார்கள்: அரசின் திட்டம் ஒன்று, இயற்கை விவசாய ஏற்றுமதி ஒன்று, ஊரின் தேவையை ஊரே விளைவித்துக்கொள்வது ஒன்று.

எனக்குப் பிடித்தது அதன் நடைமுறை. அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் நிறுவனத்தாரும் சாட்சிகளாக வந்தார்கள். நடுவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். மூன்று நிமிடம் மைக் கொடுத்துப் பிடுங்குவதுபோல் இல்லை. ஒரு பதில் புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம், இரவு தமக்குள் பேசி மறுநாள் வேறு மாதிரி கேட்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு நடைமுறை நேர்மையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது. முடிவில் அவர்கள் மரபணு மாற்றப் பயிரும் வேண்டாம், நிலத்தை விட்டு எங்களை அப்புறப்படுத்துவதும் வேண்டாம் என்றார்கள்.

உடனே சண்டை வந்தது. ஆந்திர அரசுக்கு நிதி கொடுத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் உதவித் துறை, அந்த அறிக்கையின் நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்டது. நடத்தியவர்கள் ஏற்கெனவே ஒரு பக்கச் சாய்வு உள்ளவர்கள், அந்த இருபது பேர் மாநிலத்தின் பிரதிநிதிகள் ஆகமாட்டார்கள் என்பது வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பந்தி வைக்கிறவர் யார் என்பதைப் பொறுத்து இலையில் விழுவது மாறத்தான் செய்யும். மூன்று எதிர்காலங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. ஆனால் அதே கண்டிப்போடு, தொலைநோக்கு 2020ஐ எழுதிய ஆலோசகர்கள் மாநிலத்தின் எத்தனை சதவீதத்துக்குப் பிரதிநிதிகள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கத்திரிக்காய்க்குத் திரும்புகிறேன். ஜெய்ராம் ரமேஷ் செய்ததில் நான் மிகவும் மதிப்பது ஏழு ஊர்ப் பயணத்தை அல்ல, பிப்ரவரி 9ஆம் தேதி வெளியிட்ட குறிப்பை. பத்தொன்பது பக்கம், கூடவே தடிமனான இணைப்புகள். எந்த மாநில அரசு என்ன எழுதியது, எந்த விஞ்ஞானி எதற்கு ஆதரவு, யார் எதிர்ப்பு, எந்த வாதத்தை ஏற்கிறேன், எதை ஏன் ஏற்கவில்லை என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழு சொன்னது, மக்கள் சொன்னார்கள் என்று யார் பின்னாலும் ஒளியவில்லை. அமைச்சரவையிலேயே வேளாண் அமைச்சர் சரத் பவாருக்கு இது பிடிக்கவில்லை. வல்லுநர் குழுவை அவமதித்துவிட்டார் என்று விஞ்ஞானிகள் பலர் கோபப்பட்டார்கள். கோபப்படவும் ஏதாவது எழுத்தில் இருக்க வேண்டுமே, அது இருந்தது. அதே ஆண்டு அந்தக் குழுவின் பெயரையும் மாற்றினார். மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு என்பது மதிப்பீட்டுக் குழு ஆனது. நீங்கள் எடைபோட்டுச் சொல்லுங்கள், ஒப்புவது உங்கள் வேலை இல்லை என்று ஒரே சொல்லில் சொன்ன மாதிரி.

ஆனால் அந்தக் குறிப்பிலேயே ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. தடை எதுவரை? சுதந்திரமான ஆய்வுகள், பொதுமக்களும் துறை வல்லுநர்களும் திருப்தியடையும் வகையில், நீண்டகாலப் பாதுகாப்பை நிறுவும் வரை என்றார். கேட்கக் கண்ணியமாக இருக்கிறது. பொதுமக்கள் திருப்தி அடைந்துவிட்டார்கள் என்று யார் வந்து சான்றிதழ் கொடுப்பது? எந்தெந்தச் சோதனை, யார் செலவில், எந்தத் தேதிக்குள்? அது திட்டவட்டமாக இல்லை. நிபுணருக்கு ஒரு கேள்வி, மக்களுக்கு ஒரு கேள்வி என்று பிரித்திருந்தால் இரண்டுக்கும் முடிவு உண்டு. இரண்டையும் ஒரே திருப்திக்குள் போட்டு முடிந்தால் அந்த முடிச்சு அவிழாது.

அவிழவும் இல்லை. நாட்டின் ஆறு அறிவியல் கழகங்களையும் சேர்ந்து ஒரு அறிக்கை தரச் சொன்னார் அமைச்சர். 2010 செப்டம்பரில் வந்தது. பி.டி. கத்திரியை அனுமதிக்கலாம் என்றது. கொஞ்ச நாளில், அதில் சில பகுதிகள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று தெரியவந்து மானம் போனது. திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய நிபுணர்களைக் கேட்டதற்குக் கிடைத்த பலன் அது. 2012இல் நாடாளுமன்ற நிலைக்குழு எதிராகச் சொன்னது. உச்ச நீதிமன்றம் தன் பங்குக்கு ஆறு பேர் கொண்ட தொழில்நுட்ப வல்லுநர் குழுவை அமைத்தது. 2013இல் ஐந்து பேர் ஒரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள், ஆறாமவர் தனியாக வேறு அறிக்கை கொடுத்தார்.

யாரைக் கேட்கவில்லை என்று பார்த்தால் பட்டியல் வேறு மாதிரி போகும். ஏழு ஊர்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் இல்லை, நான்கு ரகங்கள் கோவையில் தயாராகியும்கூட. அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. அந்த மரபணுவை ஏற்றுவதற்கு எடுத்துக்கொண்ட உள்ளூர்க் கத்திரிகள் யாருடையவை? உடுப்பி, மாலாபூர் என்று ஊர்ப்பெயர் தாங்கிய கர்நாடகக் கத்திரிகள் அதில் இருந்தன. உடுப்பிப் பக்கம் மட்டு என்ற ஊரில் விளையும் குண்டுக் கத்திரிக்குக் கோயில் கதையே உண்டு. நம் வேலூர் முள் கத்திரிக்குக் கிடைத்ததுபோல அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி, உள்ளூர் வளத்தைப் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது அந்தந்த ஊரின் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும். அப்படிக் கேட்கவே இல்லை என்று பெங்களூரில் ஒரு சூழல் அமைப்பு புகார் கொடுத்தது. சென்னை தரமணியிலிருந்து இயங்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையம், சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக 2011இல் அறிவித்தது. விதை போட்டவரைக் கேட்பதைப் பற்றிப் பேசிய அளவுக்கு, விதை கொடுத்தவரைக் கேட்பதைப் பற்றி நாம் பேசவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. அதே மரபணு, ஏறக்குறைய அதே தரவு. பங்களாதேஷ் 2013 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. 2014 ஜனவரியில் இருபது விவசாயிகளின் கையில் நாற்று கொடுத்தார்கள். அங்கே ரகங்களைக் கொடுத்தது அரசு ஆராய்ச்சி நிறுவனம், விதை சேமிக்கத் தடையில்லை. புழு ஒன்றுதான், கத்திரி ஒன்றுதான், எல்லை தாண்டியதும் முடிவு மாறிவிட்டது. அறிவியல் மட்டுமே முடிவெடுப்பதாக இருந்தால் இப்படி நடக்காது. நம்முடைய உச்ச நீதிமன்றத்தில் மரபணு மாற்றக் கடுகு வழக்கு 2024 ஜூலையில் தீர்ப்புக்கு வந்தபோது இரண்டு நீதிபதிகளும் கடுகு விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், அதற்கு மாநிலங்களையும் விவசாயப் பிரதிநிதிகளையும் நிபுணர்களையும் கலந்து பேச வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

கத்திரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பார்கள். 2019 மே மாதம் ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் ஒரு வயலில், யாரும் அனுமதிக்காத பி.டி. கத்திரி காய்த்துக்கொண்டிருந்தது. மாதிரி எடுத்துச் சோதித்து உறுதிப்படுத்திவிட்டு, செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். அதற்கு முன்பு அங்கே பறித்த காய்கள் எந்தெந்தச் சந்தைக்குப் போயின என்ற கேள்விக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை.